கவருக்குப் பொறுப்பு நாங்கள்

எங்கள் புளிக்காய்ச்சலைச் சாப்பிட்டு இதுவரை யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை. அதைப் போட்டு அனுப்பும் கவரைப் பற்றித்தான் ஒரு வெள்ளிக்கிழமை காலை மின்னஞ்சல் வந்தது. அனுப்பியது நாங்கள் சரக்கு விற்கும் இணையதளம். பிளாஸ்டிக் கவர்களில் பொருள் விற்கிறவர்கள் அரசாங்கத்திடம் பதிவு செய்துகொண்டு அந்த எண்ணைத் தர வேண்டும், தராவிட்டால் விற்பனை நிறுத்தி வைக்கப்படும் என்று சிவப்பு எழுத்தில் போட்டிருந்தது. அதற்குக் கீழேயே, உங்கள் வளர்ச்சிதான் எங்கள் மகிழ்ச்சி என்று ஒரு பச்சை வரி.

அப்போது என் இரண்டு கையும் புளியில் இருந்தன. போன் திரையை மூக்கால் தள்ளித் தள்ளித்தான் படித்தேன்.

"அக்கா, நம்ம கடையை மூடப் போறாளாம்."

அக்கா என்று நான் கூப்பிடுவது என் கணவரின் அக்காவை. முப்பத்தைந்து வருஷம் பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்கள் ஒரு தடவைதான் கேட்டார்கள். ஓய்வு பெற்றதும் ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டில் இருக்கும் எங்கள் பிளாட்டுக்கே வந்துவிட்டார். வந்த மூன்றாம் மாதம், சும்மா உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று சொல்லி இந்தக் கடையை ஆரம்பித்தார். புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, மூன்றே சரக்கு. அரைப்பது நான், அளவு சொல்வது அக்கா, மூட்டை கட்டுவது இருவரும். என் கணவர் ருசி மட்டும் பார்ப்பார். எல்லாமே நன்றாக இருக்கிறது என்பார். அதனால் அவரை யாரும் கேட்பதில்லை.

"முழுசாப் படி. பாதி படிச்சுட்டு அழாதே" என்றார் அக்கா.

"நான் அழலை."

"அழப் போறே."

அன்று மத்தியானமே ஜெராக்ஸ் கடைக்குப் போய் பிளாஸ்டிக் கழிவு விதிகளையும் அதற்கு வந்த திருத்தங்களையும் திருத்தத்துக்கு வந்த திருத்தங்களையும் அச்செடுத்துக்கொண்டு வந்தார். குப்பையைக் குறைக்கும் விதிகளுக்கு ஒரு கட்டுக் காகிதம் செலவானது. ஸ்பைரல் போட்டு, மேலே பிளாஸ்டிக் அட்டை வேறு. நான் அந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். "தெரியறது, வாயை மூடு" என்றார்.

மறுநாளிலிருந்து காலை வேளையில் பக்கத்து பிளாட்டு மாமி பாசுரம் சேவிக்கும் நேரத்தில் எங்கள் வீட்டில் விதிகள் சேவிக்கப்பட்டன. சிவப்புப் பேனா சகிதம். உற்பத்தியாளர் என்றால் யார், இறக்குமதியாளர் என்றால் யார், பிராண்டு உரிமையாளர் என்றால் யார் என்று பக்கம் பக்கமாக வியாக்கியானம் இருந்தது. அதன்படி எங்கள் அடுப்படி ஒரு பிராண்டு. ஒட்டுகிற ஸ்டிக்கரில் பேர் இருப்பதால் அதற்கு நாங்கள் உரிமையாளர்கள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. "விரிவுபடுத்தப்பட்ட பொறுப்பு" என்று ஒரு சொல் அடிக்கடி வந்தது. நாம் விற்ற கவர் எங்கே போய் விழுந்தாலும் அதைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு நம்முடையது என்று அக்கா விளக்கினார்.

"கவுஹாத்தியில விழுந்தாலுமா?"

"எங்கே விழுந்தாலும்."

"அவாத்துக் குப்பைத்தொட்டிக்கு நான் போய் நிக்கணுமா?"

அக்கா ஒரு வரிக்கு அடிக்கோடு போட்டார்.

இதற்கிடையில் சென்னையிலிருந்து ஒரு ஆலோசகர் போன் செய்தார். எங்கள் கஷ்டம் அவருக்கு எப்படித் தெரிந்தது என்பது பெருமாளுக்குத்தான் வெளிச்சம். மேடம், கவலையே படாதீங்க மேடம், எல்லாம் நாங்க பாத்துக்கறோம் மேடம், கையெழுத்து மட்டும் போடுங்க மேடம் என்று ஒரே மூச்சில் சொன்னார். அக்கா போனை வாங்கி, "எந்த விதி, எந்த உட்பிரிவுன்னு சொல்லுங்கோ, நான் பக்கத்தைத் திருப்பறேன்" என்றார். அந்தப் பக்கம் சிக்னல் போய்விட்டது. அப்புறம் வரவேயில்லை.

பதிவும் வேண்டாம், ஆலோசகரும் வேண்டாம், பிளாஸ்டிக்கையே விட்டுவிட்டால் என்ன என்று அக்காவுக்குத் தோன்றியது அன்றைக்குத்தான். உள்ளே இருக்கும் பளபளா கவரை உடனே மாற்ற முடியாது, எண்ணெய் கசியும். வெளியே சுற்றும் குமிழிப் பிளாஸ்டிக் தாளையாவது ஒழிக்கலாம் என்றார். அதற்குப் பதில் வாழைச் சருகு. திருச்சியில் இருந்துகொண்டு வாழைச் சருகுக்குப் பஞ்சமா? ஜீயபுரம் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர் ஆட்டோவில் அள்ளிக்கொண்டு வந்து மொட்டை மாடியில் கொட்டிவிட்டுப் போனார். "எடுத்துக்குங்கம்மா, எங்களுக்கு எரிக்கிற வேல மிச்சம்" என்றார். அபார்ட்மெண்ட் செயலாளர் மேலே வந்து பார்த்துவிட்டு, யாராத்து விசேஷம் என்று கேட்டார்.

சருகில் சுற்றினால் பார்க்க அழகாகத்தான் இருந்தது. புகைப்படம் எடுத்துப் போட்டோம். எத்தனையோ பேர் இதயம் போட்டார்கள். ஒரு வாரம் நான் சுற்றுச்சூழலைக் காப்பாற்றிய மிதப்பிலேயே காய்கறிக்காரரிடம் பேரம் பேசினேன்.

எட்டாம் நாள் புனேயிலிருந்து ஒரு வாடிக்கையாளர் கூப்பிட்டார். நம்மூர்ப் பெண்தான், கல்யாணமாகி அங்கே போனவள்.

"மேடம், பார்சல் வந்துச்சு. அதுக்குள்ள ஒரு பல்லி இருந்துச்சு."

"செத்துப் போயிருந்ததா?"

"இல்லைங்க, உயிரோடதான். பெட்டியத் தொறந்தவுடனே குதிச்சு நேரா எங்க மாமியார் தலையில விழுந்துடுச்சு."

போனை ஸ்பீக்கரில் போட்டு அக்காவைப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன். அக்கா பூஜை அலமாரியிலிருந்து பஞ்சாங்கத்தை எடுத்து, பல்லி விழும் பலன் பக்கத்தைப் பிரித்தார்.

"தலைன்னா கலகம்னு போட்டிருக்கும்மா."

"அது பல்லி வர்றதுக்கு முன்னாடியே இருக்குங்க" என்றாள் அந்தப் பெண்.

பணத்தைத் திருப்பித் தருகிறோம் என்றோம். வேண்டாம், மாமியார் பயத்தில் இரண்டு நாளாகச் சமையலறைப் பக்கம் வரவில்லை, நிம்மதியாக இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டாள். ஆனால் இணையதளத்தில் ஒரு நட்சத்திரம்தான் போட்டாள். புளிக்காய்ச்சல் அருமை, பல்லி தேவையில்லை என்று எழுதியிருந்தாள். நியாயம்தான். மொட்டை மாடிச் சருகை அத்தனையும் அள்ளி, தோட்டக்காரரையே மறுபடி கூப்பிட்டுத் திருப்பிக் கொடுத்தோம். அவர் முகத்தில் அவ்வளவு மகிழ்ச்சி இல்லை.

அப்புறம்தான் அக்கா, சம்பந்தப்பட்டவர்களையே நேரில் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தார். ஊருக்குள் இதைக் கவனிக்கும் ஒரு அலுவலகத்துக்கு ஸ்பைரல் புத்தகத்தோடு போனோம். அங்கிருந்த அதிகாரி என் வயதுக்காரர், மேசையில் டிபன் பாக்ஸ் திறந்திருந்தது. நாங்கள் இருவரும் ஒரே மாதிரி பருத்திப் புடவையில் புத்தகமும் கையுமாக நின்றதைப் பார்த்து ஏதோ போராட்டம் என்று நினைத்திருக்க வேண்டும். உட்காருங்க, உட்காருங்க என்றார். அக்கா உட்கார்ந்து சிவப்புக் கோடுகளை வரிசையாகக் காட்டினார். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க குறு நிறுவனமா பதிவு பண்ணியிருக்கீங்கள்ல?"

"பண்ணியிருக்கோம்."

"எத்தனை பேரு வேலை பாக்கறீங்க?"

"நான், இவ. எங்க தம்பி ருசி பார்ப்பான்."

"அப்ப இது உங்களுக்கு இல்லைங்கம்மா. உங்கள மாதிரி சின்னவங்களுக்கு விலக்கு. கவர் தயாரிக்கறவங்கதான் பொறுப்பு. பதிவு பண்ணினவங்ககிட்ட வாங்கறீங்களான்னு மட்டும் பாத்துக்குங்க. அவங்க எண் கவர்லயே அச்சாயிருக்கும்."

புத்தகத்தைத் திருப்பி அந்த வரியையும் காட்டினார். அக்கா அதற்கும் முன்னமே அடிக்கோடு போட்டிருந்தார், ஆனால் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. மூன்று வாரம், ஒரு கட்டுக் காகிதம், ஒரு பல்லி. அக்காவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. முப்பத்தைந்து வருஷம் மற்றவர்கள் விடைத்தாளில் தப்பு கண்டுபிடித்தவர்.

"அந்த இணையதளம் எண் கேக்கறதே?" என்றேன்.

"விலக்குன்னு அவங்களுக்கு எழுதுங்க" என்றார் அதிகாரி.

எழுதத்தான் முடியவில்லை. இணையதளத்தில் எண் போடும் கட்டம் இருந்தது. எண் வேண்டியதில்லை என்று சொல்லும் கட்டம் இல்லை. அக்கா குறு நிறுவனச் சான்றிதழையும் விதியின் அந்தப் பக்கத்தையும் இணைத்துக் கடிதம் அனுப்பினார். உங்கள் கேள்வி எங்களுக்கு முக்கியம் என்று ஒரு இயந்திரம் பதில் போட்டது. மறுநாள் அதே கடிதம், அதே பதில். அக்கா விடவில்லை. தினமும் காலை ஏழு மணிக்குக் காபி குடித்த கையோடு ஒரு கடிதம். ஒவ்வொன்றிலும் முந்தைய கடிதங்களின் தேதிகளை வரிசையாகப் போடுவார். வரிசை நீண்டுகொண்டே போனது. கடைசியில் ஒரு நாள் மனிதக் குரலில் போன் வந்தது. யாரோ ஒரு பெண், ரொம்பக் களைத்திருந்தாள். "மேம், உங்க கடைக்கு விலக்குன்னு போட்டாச்சு மேம். இனிமே மெயில் பண்ண வேண்டாம் மேம், ப்ளீஸ்."

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு அப்பளம் பொரித்தார் அக்கா. அவர் அகராதியில் அது திருவிழா.

இத்தோடு விஷயம் முடிந்திருக்க வேண்டும். முடியாததற்குக் காரணம் ஸ்டிக்கர். அலுவலகத்துக்குப் போவதற்கு முன்பே, பொறுப்பு நம்முடையதுதான் என்று நம்பிக்கொண்டிருந்த நாட்களில், அக்கா புதிதாக ஒரு ஸ்டிக்கர் அடிக்கக் கொடுத்திருந்தார். அதில் 'இந்தக் கவருக்குப் பொறுப்பு நாங்கள். காலிக் கவரைக் குப்பையில் போடாதீர்கள். எங்களைக் கூப்பிடுங்கள்' என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. கீழே என் போன் நம்பர். அவர் நம்பரை ஏன் போடவில்லை என்று கேட்டதற்கு, "எனக்கு யார் போன் பண்ணாலும் பிடிக்காது" என்றார். கட்டுக் கட்டாக வந்து இறங்கிய ஸ்டிக்கரை வீணாக்கக் கூடாது என்று ஒட்டிக்கொண்டிருந்தோம். யாரும் கூப்பிடவில்லை. காலிக் கவருக்காக யார் மெனக்கெடுவார்கள்?

ஒரு திங்கட்கிழமை காலை போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"புளிக்கொழம்பு கவரு யாருதுங்க?"

"புளிக்காய்ச்சல். எங்களோடதுதான். ஆர்டர் போடணுமா?"

"ஆர்டரெல்லாம் இல்ல. நான் முக்கொம்புல பார்க் கூட்டறவ. உங்க கவரு இங்க கெடக்கு. பொறுப்பு நாங்கன்னு போட்டிருக்கீங்க. வந்து எடுத்துட்டுப் போங்க."

நான் சிரித்துவிட்டேன். அந்தப் பக்கம் சிரிப்பு இல்லை.

"சும்மா போட்டதா அது?" என்று கேட்டாள்.

போனைக் கையால் பொத்திக்கொண்டு அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். நமக்குத்தான் விலக்கு ஆயிற்றே, அந்த அதிகாரியே சொன்னாரே என்று ஞாபகப்படுத்தினேன். அக்கா ஏற்கெனவே புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டிருந்தார். "விலக்கு அவா கொடுத்தது. ஸ்டிக்கர் நாம போட்டது. குடையை எடுத்துண்டு வா."

சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் அங்கிருந்து முக்கொம்பு பஸ் பிடித்தோம். ஞாயிற்றுக்கிழமை ஊரே முக்கொம்புக்குப் புளியோதரையும் தயிர் சாதமும் கட்டிக்கொண்டு போய், காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிவதைப் பார்த்துவிட்டு, தின்றதன் மிச்சத்தை அங்கேயே பிரித்துப் போட்டுவிட்டு வரும். திங்கட்கிழமை அங்கே போனவர்கள் நாங்கள் இருவர் மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

பூங்கா வாசலில் அந்தப் பெண் நின்றிருந்தாள். நாற்பது வயது இருக்கும். புடவைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, தலையில் துண்டு. காலருகே ஒரு சாக்கு, வாய் வரைக்கும் நிரம்பி நின்றது.

"இவ்ளோவும் எங்களோடதா?" என்று கேட்டேன்.

"உங்களது ரெண்டுதான்."

"மிச்சம்?"

"மிச்சத்துல நம்பரு இல்லீங்க. சிப்ஸுக்காரன் போடல, பிஸ்கட்டுக்காரன் போடல. பொறுப்புன்னு எழுதி நம்பரும் போட்டது நீங்க ஒருத்தர்தான். வேற யாரக் கூப்பிடுவேன்?"

அக்கா குனிந்து சாக்குக்குள் பார்த்தார். அந்தப் பெண் சாக்கிலிருந்து எங்கள் கவரை எடுத்தாள். உள்பக்கம் வெள்ளி மாதிரி மின்னியது. விரலால் சுண்டிக் காட்டினாள்.

"அழகாத்தான் இருக்கு. ஆனா இத யாரும் எடுக்க மாட்டாங்க. தண்ணி பாட்டிலு, கெட்டி டப்பா இதெல்லாம் நான் தனியா பொறுக்கி வெச்சுப்பேன், கடையில எடுத்துப்பாங்க. இத எடைக்குப் போட்டா மூஞ்சியில வீசுறான். கூட்டிக் கூட்டி வெப்பேன், காத்தடிச்சா எல்லாம் ஆத்துல போய் நிக்கும். அங்கேர்ந்து நானா எறங்கி எடுக்கறது?"

"கண்ணாடி பாட்டில்ல போட்டா?" அக்கா மெதுவாகக் கேட்டார்.

அவள் வலது கையை நீட்டினாள். கட்டைவிரலுக்குக் கீழே நீளமாக ஒரு தழும்பு. "ஒடச்சுப் போடுவாங்கம்மா. கெட்டி பிளாஸ்டிக் டப்பாவே போடுங்க. நல்லாத் தடியா. அதப் பார்த்தா யாராச்சும் ஒருத்தர் எடுத்துடுவோம்."

பிளாஸ்டிக்கை ஒழிக்கப் புறப்பட்டவரிடம், இன்னும் தடியான பிளாஸ்டிக் போடு என்று சொன்னால் எப்படி இருக்கும்? அக்கா ஸ்பைரல் புத்தகத்தைக் கொண்டு வரவில்லை என்பதற்கு நான் மனசுக்குள் நன்றி சொன்னேன். ஆனால் அவர் வாதாடவில்லை. பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, பஸ் டிக்கெட்டின் பின்புறம் 'கெட்டி டப்பா' என்று குறித்துக்கொண்டார்.

வெறுங்கையோடு போகக் கூடாது என்று அக்கா ஒரு தூக்கில் புளியோதரை கொண்டு வந்திருந்தார். மூவரும் மதகுப் பாலம் தெரிய ஒரு மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அவள் தன் கதையை அதிகம் சொல்லவில்லை. பெரிய பெண் துவாக்குடியில் ஒரு கம்பெனியில் வேலைக்குப் போகிறாள் என்றாள். எங்கள் ஸ்டிக்கரைப் படித்துச் சொன்னது அவள்தானாம். அம்மா, கூப்பிட்டுத்தான் பாரேன், என்னதான் சொல்றாங்கன்னு பாப்போம் என்றாளாம். அவர்களுக்குள் பந்தயம். நாங்கள் வரமாட்டோம் என்று மகள் சொல்லியிருக்கிறாள்.

"அப்ப நீங்க என்ன சொன்னேள்?" என்றார் அக்கா.

"நானும் அதான் சொன்னேன். பந்தயமே போட முடியல."

சாக்கைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினோம். கண்டக்டர் பார்த்தார். "என்னம்மா மூட்டை?" "குப்பை" என்றார் அக்கா. "முக்கொம்புலேர்ந்து ஸ்ரீரங்கத்துக்கா?" "ஆமாம்." அவர் எங்களுக்கு டிக்கெட் கிழித்தார், சாக்குக்குக் கிழிக்கவில்லை. அதற்கு எந்தக் கட்டணம் என்று அவருக்கும் தெரியவில்லை போலிருக்கிறது. பக்கத்து சீட்டிலிருந்தவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் போய் நின்றுகொண்டார். எங்களுக்குக் காலை நீட்ட இடம் கிடைத்தது.

சத்திரத்தில் இறங்கி, சிந்தாமணிப் பக்கம் ஒரு பழைய சாமான் கடையில் கேட்டுப் பார்த்தோம். கடைக்கார பாய் சாக்குக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, நாற்காலி போட்டு எங்களை உட்கார வைத்தார். "இது மூணு நாலு தாளை ஒட்டின மாதிரிம்மா. பிரிக்கவும் முடியாது, உருக்கவும் முடியாது. இத வாங்கினேன்னா எங்க வீட்ல என்னைய இது கூடவே வெளிய போட்டுடுவாங்க" என்றார். மாநகராட்சி வண்டி வரும்போது தனியாகக் கொடுங்கள், சிமெண்ட் ஆலைக்கு எரிக்க அனுப்புவார்கள் என்று வழியும் சொன்னார். இரண்டு நாள் அந்தச் சாக்கு எங்கள் பால்கனியில் கம்பீரமாக நின்றது. மூன்றாம் நாள் வண்டியில் ஏறிப் போனது.

கெட்டி டப்பாவுக்கு மாற இரண்டு மாதம் ஆனது. முதலில் வந்த டப்பாவில் மூடி ஒழுங்காகப் பொருந்தாமல் லக்னோவில் யாரோ ஒருவரின் வாசல்படியெல்லாம் எண்ணெய். இரண்டாவது சரியாக அமைந்தது. தயாரித்தவரின் பதிவு எண் அடியில் அச்சாகியிருக்கிறதா என்று அக்கா ஒவ்வொரு டப்பாவையும் கவிழ்த்துப் பார்த்துவிட்டுத்தான் அடுக்குவார். வெளியே சுற்றுவதற்குப் பழைய செய்தித்தாள், உதறி, வெயிலில் காட்டி, பல்லி பார்த்து. டப்பாவின் விலையைப் பார்த்து என் கணவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அக்கா திரும்பிப் பார்த்ததும், நன்றாக இருக்கிறது என்றார்.

ஸ்டிக்கரை மாற்றவில்லை. கூப்பிடுகிறார்கள், எப்போதாவது. பெரும்பாலும் கவருக்காக இல்லை, புளிக்காய்ச்சலில் எத்தனை கரண்டி எண்ணெய் என்று கேட்பதற்கு.

புது டப்பா வந்ததும் முதல் டப்பாவை எடுத்துக்கொண்டு மறுபடி முக்கொம்பு போனோம். அவள் மூடியைத் திருகிப் பார்த்தாள், அடியைத் தட்டிப் பார்த்தாள், விரலால் அமுக்கிப் பார்த்தாள். "ம், இது எடுப்பாங்க" என்றாள். பரீட்சையில் பாஸான மாதிரி இருந்தது எனக்கு. அப்புறம் ஒரு விரல் புளிக்காய்ச்சலை எடுத்து நாக்கில் வைத்துக்கொண்டு யோசித்தாள்.

"அன்னிக்கே சொல்லணும்னு நெனச்சேன். உப்பு கொஞ்சம் கம்மிங்க."

அக்காவின் அளவில் குறை சொல்லி உயிரோடு இருப்பவர்கள் எங்கள் குடும்பத்தில் யாரும் இல்லை. நான் மதகுத் தண்ணீரைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன். பஸ்ஸில் திரும்பினோம். ஜீயபுரம் போயிற்று, முத்தரசநல்லூர் போயிற்று, குடமுருட்டிப் பாலம் வந்தது.

"அவ சொல்றது சரிதாண்டி" என்றார் அக்கா. "ஆரம்பத்துலேர்ந்தே கம்மிதான்."